ஜன்னல்: நெடுஞ்செழியன் காலத்துக் காதலி எதன் வழியாகப் பார்த்தாள்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி, தான் எழுதிக்கொண்டிருக்கும் சரித்திரக் காதல் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கதை நடப்பது சங்ககாலத்தில், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் ஆண்ட மதுரையில். முதல் வரி இது: "ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வையையைப் பார்த்தாள்."

ஜன்னலை மட்டும் சுழித்துக் கொடுத்தேன். மறுநாளே திருத்தி எடுத்து வந்தார். கணினியில் ஒரே தட்டில் எல்லா ஜன்னலையும் சாளரமாக மாற்றியிருந்தார். "சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வையையைப் பார்த்தாள்." சொல் மாறிவிட்டது, கம்பி அப்படியே நிற்கிறது. அவளும் பாண்டியன் மதுரைக்குப் போய்ச் சேரவில்லை, மாட்டுத்தாவணிக்குப் போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோலத்தான் நிற்கிறாள். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

ஜன்னல் போர்த்துக்கீசியச் சொல். அவர்கள் மொழியில் ஜனெலா. அதற்கும் மூலம் லத்தீனில் வாசலைக் குறிக்கும் சொல். அதன் குறுக்க வடிவத்திலிருந்து வந்தது, அதாவது 'குட்டி வாசல்'. மலையாளத்தில் ஜனல், வங்காளத்தில் ஜானாலா, சிங்களத்தில் ஜனேலய என்று அந்தக் கப்பல்கள் தொட்ட கரையெல்லாம் இந்தச் சொல் இறங்கியிருக்கிறது. ஈழத்தில் யன்னல் என்பார்கள். நம்மில் சிலர் சன்னல் என்று எழுதிவிட்டால் தமிழாகிவிடும் என்று நினைக்கிறார்கள். எழுத்துதான் தமிழ்; சொல் அதே சொல்தான்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியது 1498-ல். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் கால் ஊன்றியது 1530-களில். அதற்கு முந்திய எந்தக் கதையிலும் யாருக்கும் ஜன்னல் கிடையாது. சாவி, மேசை, அலமாரி, பீப்பாய் எல்லாம் இதே கப்பலில் வந்தவை. பாண்டியன் அந்தப்புரத்தில் திறவுகோல் இருக்கலாம், சாவி இருக்க முடியாது.

நாயக்கர் காலக் கதைக்கு விஷயம் கொஞ்சம் வேறு. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அவருக்கு முன்பே, 1606-ல், இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்துவிட்டார். 1640-ல் நடக்கும் கதையில் தூத்துக்குடி முத்து வணிகர் ஒருவர் மாசி வீதியில் நின்று பேசும்போது 'ஜன்னல்' என்று சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அந்த ஒரு சொல்லே அவர் கடற்கரையிலிருந்து வந்தவர் என்று காட்டிவிடும். ஆனால் கதை சொல்பவரின் குரலில் அந்தச் சொல் வந்தால், அங்கே பேசுவது இன்றைய ஆள் என்று தெரிந்துபோகும்.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? எனக்கு மிகப் பிடித்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர்' என்று வருகிறது, மானின் கண்போல அமைந்த காலதர்.

இந்தச் சொல்லை நான் முதலில் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. மேலமாசி வீதிப் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டில் நடு அறைக்கு இப்போது நாம் சொல்லும் ஜன்னல் இல்லை. சுவரின் மேல்பகுதியில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய துளைகள் இருந்தன, அவ்வளவுதான். மதியம் மூன்று மணிக்கு அந்தத் துளைகளின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் கட்டம் கட்டமாக விழுந்து, மெல்ல இறங்கித் தரைக்கு வரும். வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. ஆனால் சித்திரை வெயிலிலும் அந்த அறையில் தூங்கலாம். ஒருநாள் மர ஸ்டூலைப் போட்டு ஏறி, துளையில் முகத்தை வைத்து வெளியே பார்க்க முயன்றேன். கீழே படுத்திருந்த பெரியம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "காத்து வர்ற வழிய மறைச்சுக்கிட்டு நிக்காதடா."

காலதருக்கு இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை. அவர் சிலப்பதிகாரம் படித்தவர் அல்ல.

மதுரையைப் பற்றியே எழுதுகிறவர்களுக்கு மதுரைக்காஞ்சி கையில் இருக்கிறது. மாங்குடி மருதனார் நெடுஞ்செழியனுக்காகப் பாடிய 782 அடிகள். அதில் நம் ஊர் வீடுகளுக்கு ஒரு வரி: 'சில்காற்று இசைக்கும் பல்புழை நல்லில்'. புழை என்றால் துளை. பல துளைகள் வழியே மெல்லிய காற்று ஒலியெழுப்பிக்கொண்டு நுழையும் நல்ல வீடுகள். வீட்டுச் சாளரத்தைப் புலவர் கண்ணால் அல்ல, காதால் சொல்கிறார். நெடுநல்வாடையில் நக்கீரர் இன்னொரு சொல் தருகிறார்: நேர்வாய்க் கட்டளை. இங்கே கட்டளை என்பது உத்தரவு அல்ல, சாளரம். வேனிற் காலத்துப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவந்து தரும் அந்தக் கட்டளையை, கூதிர்க் குளிரில் திறக்காமலே விட்டுக் கதவைத் தாழிட்டிருக்கிறார்கள். ஒரு பிரிவுக் காட்சியை எழுத இது போதாதா? தென்றல் வந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது, அவன் இன்னும் போரிலிருந்து திரும்பவில்லை.

சாளரமும் பழைய சொல்தான். வலையைக் குறிக்கும் 'ஜாலம்' என்ற வடசொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பின்னலாகத் துளையிட்ட அமைப்பை நினைத்தால் அது பொருந்தியும் வருகிறது. சிலம்பில் கோவலனும் கண்ணகியும் மாடத்தில் இருக்கும்போது, 'கோலச் சாளரக் குறுங்கண்' வழியே வண்டோடு தென்றல் நுழைகிறது. குறுங்கண் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சின்னஞ்சிறு துளை. அதன் வழியே காற்றும் வாசமும் வண்டும் வரும், கை வராது. தென்றல் பட்டதும் இருவரும் என்ன செய்கிறார்கள்? சாளரத்தில் போய் நிற்கவில்லை. படியேறி அரமியத்துக்கு, அதாவது நிலாமுற்றத்துக்குப் போகிறார்கள்.

கம்பருக்கு வரும்போது காட்சி மாறுகிறது. மிதிலையின் மாடங்களில் பெண்களின் முகங்களை 'சாளரம் தோறும் தோன்றும் சந்திர உதயம்' என்கிறார். சாளரம் இப்போது முகம் தெரியும் அளவுக்குத் திறந்துவிட்டது. ஆகவே சோழர் காலக் கதையில் நாயகி சாளரத்தில் முகம் காட்டலாம், கீழே குதிரையில் போகிறவன் அண்ணாந்து பார்க்கலாம். கம்பரே துணைக்கு இருக்கிறார்.

பலகணி என்பது பல கண்களை உடையது. இதை நான் கல்லுக்கு வைத்துக்கொள்வேன். பழைய கோயில் மண்டபச் சுவர்களில் ஒரே கல்லில் துளைகள் குடைந்து வைத்திருப்பார்களே, அதைப் பார்த்தால் வேறு சொல் வாயில் வராது. சாலேகம் என்றும் ஒன்று உண்டு. இன்றைய வாசகர் அங்கே தடுக்கி விழுவார் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

இன்றைய பேச்சிலும் எழுத்திலும் ஜன்னல் இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டில் இருப்பதும் ஜன்னல்தான், அதற்குக் கம்பியும் உண்டு, கொசுவலையும் உண்டு. பழைய காலத்தை எழுதும்போதுதான் கேள்வி வருகிறது. அங்கே காலதர் என்று எழுதிவிட்டால், உங்கள் நாயகி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. காற்றில் வரும் பூவாசத்தில்தான் அவனை அறிய வேண்டும், குளம்படிச் சத்தத்தில்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ வையையைப் பார்க்கவே முடியாதாண்ணே?" என்று கேட்டார். மாடிக்கு அனுப்புங்கள் என்றேன். போன வாரம் வந்த திருத்தத்தில் முதல் வரி இப்படி இருந்தது: "புழை வழியே தென்றல் வந்து விளக்கை அசைத்தது, அவள் நிலாமுற்றத்துக்குப் படியேறினாள்." கம்பி போய்விட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்குகிறது. அதற்குச் சுழி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.