அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி அல்ல

பழைய டென்னிஸ் சாம்பியன்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'அமெச்சூர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கத்துக்குட்டி வீராங்கனை' என்று போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நேசிப்பவர் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அமெச்சூர் ஆனது, அவ்வளவுதான். டென்னிஸில் அது திறமையைக் குறிக்கவே இல்லை, காசைப் பற்றிய விதி அது. 1968-இல்தான் விம்பிள்டன் பரிசுப்பணம் தர ஆரம்பித்தது, அதுவரை ஆட்டத்துக்குக் கூலி வாங்காதவர்கள் மட்டுமே அங்கே ஆட முடியும்.

இங்கிலாந்து டென்னிஸ் வீராங்கனை ஏஞ்சலா பக்ஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலில் பிறந்தவர், யூதப் பெண் என்பதால் லண்டனில் ஒரு கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1956 பிரெஞ்சு இரட்டையர் இறுதியில் கறுப்பினத்தவரான அல்தியா கிப்சனோடு ஜோடி சேர்ந்து, முதல் செட்டை 6-8 என்று விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் 8-6, 6-1 என்று பிடித்தார். அதே வருடம் இருவரும் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் வென்றார்கள், ஒற்றையரிலும் பக்ஸ்டன் இறுதி ஆட்டம் வரை போனார். மணிக்கட்டுக் கோளாறால் மறு வருடமே அவர் ஆட்டம் முடிந்துபோனது. இவரையா கத்துக்குட்டி என்பது?

இன்னொரு கோஷ்டி 'பயில்முறை' என்கிறது. பயில்தல் என்றால் பழகுதல், புழங்குதல் என்ற பொருளும் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் இன்று படிப்பவர் காதில் 'பயிற்சி' என்றுதான் விழும், நாடகக் குழுவுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். 'ஆர்வலர்' நல்ல சொல், பறவை ஆர்வலருக்குக் கச்சிதம். டென்னிஸ் ஆர்வலர் என்றால் டிவி முன்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர் என்று ஆகிவிடுகிறது. 'தொழில்முறை சாராத' என்பதும் எனக்கு ஒப்பவில்லை, 1956-இல் விம்பிள்டன் போன்ற பெரிய பட்டங்கள் அமெச்சூர்கள் கையில்தான் இருந்தன, அவர்களைப் போய் 'அல்லாதவர்' ஆக்குவானேன்?

என் தேர்வு 'ஊதியம் பெறா ஆட்டக்காரர்'. செலவுக்காசு என்ற பெயரில் மறைவாகப் பணம் கைமாறியதே என்று கேட்பார்கள். மாறியது, ஆனாலும் விதி விதிதான். 1957, 1958 இரண்டு வருடமும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற கிப்சனுக்கு அதற்காகப் பரிசுப்பணம் என்று ஒரு பைசா கிடைக்கவில்லை, 1990-களில் அவர் வறுமையில் தவித்தபோது நிதி திரட்டிக் கொடுத்தவர் பக்ஸ்டன். கத்துக்குட்டி என்று எழுதினால் இந்த வறுமை எங்கிருந்து வந்தது என்றே வாசகருக்குப் புரியாது. ஊதியம் பெறா என்பது நீளமாகத் தோன்றினால் அமெச்சூர் என்றே விட்டுவிட்டு, பக்கத்திலேயே அந்த விதியை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.