ஒப்புக்கொடுத்தல்

செபக்கூட்டங்களில் "ஆண்டவரிடம் சரண்டர் ஆகுங்கள்" என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லுக்குக் கையிலிருப்பதைப் பிறரிடம் கொடுத்துவிடுவது என்றே பொருள். நம் காதில் அது கோர்ட்டில் சரண்டர் ஆவதாகத்தான் விழுகிறது. சரணடைதல் என்று மாற்றினாலும் தோற்றவனின் சாயல் போகாது. அர்ப்பணிப்போ, 'அர்ப்பணிப்போடு வேலை செய்கிறார்' என்று தேய்ந்துவிட்டது.

பொருத்தமான சொல் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள கத்தோலிக்கக் கோயில்களில் ஏற்கெனவே புழங்குகிறது. இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம் அல்லவா, அதே சொல். பைபிளில் ரோமர் 12:1 பழைய மொழிபெயர்ப்பில் 'ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்' என்றே இருக்கிறது. அங்குள்ள கிரேக்க வினைக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துதல் என்று பொருள். தமிழில் 'ஒப்பு' என்பதற்குள் சம்மதம் இருக்கிறது. மிரட்டி வாங்கியது ஒப்புக்கொடுத்தல் ஆகாது.

செய்யும் முறைக்கு, இயேசு கைதாகுமுன் செபித்த கெத்சமனித் தோட்டமே பாடம். அவர் முதலில் தம் விருப்பத்தை மறைக்காமல் சொன்னார், துன்பமாகிய பாத்திரம் அகலட்டும் என்று கேட்டார். அதன் பிறகே 'உம் விருப்பப்படியே' என்றார். ஆசையைச் சொல்லாமல் நேரே இரண்டாம் வரிக்குத் தாவினால் வாய் கொடுக்கும், மனம் கொடுக்காது. 'எல்லாவற்றையும்' என்று பொதுவாகச் சொல்வதும் அப்படித்தான். படகுக் கடன், மகளின் கல்யாணம் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். கவலை மறுபடி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டியதுதான். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். சங்கீதம் 37:5இல் 'ஒப்புவித்து' என்பதன் எபிரேய மூலம் 'உருட்டிவிடு' என்பது; பாரத்தை ஒரே தள்ளில் நகர்த்த முடிவதில்லை.

ஒப்புக்கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. 1549இல் வேதாளையில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோனி கிரிமினாலி, ஆபத்து நெருங்கியபோது மக்களைப் படகேற்றிக் காப்பாற்றும் வேலையில்தான் இருந்தார்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகும் 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று கடலுக்குப் போவதும், சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் மத்தேயு 4:7 தடுக்கிற, கடவுளைச் சோதித்துப் பார்த்தல். அதைவிடக் கொடியது, கடவுளுக்குக் கொடுக்க வேண்டியதைச் செபத் தலைவர் ஒருவர் தமக்கென்று வாங்கிக்கொள்வது. நிலத்தை விற்கச் சொன்னால், சம்பந்தத்தை அவரே முடிவு செய்தால், கேள்வி கேட்பதைக் கீழ்ப்படியாமை என்றால், அங்கே இந்தச் சொல் தவறாகப் பயன்படுகிறது. வீட்டாரிடமும் பங்குத்தந்தையிடமும் உடனே சொல்லுங்கள்.