பை கொடுத்தோம் சரி, ஆள் எங்கே?

திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளிப் பக்கம் கரையோரக் கிராமம் ஒன்றில் அண்மையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவர் ஆணியில் மூன்று புத்தகப்பைகள் தொங்கின. மூன்றிலும் மூன்று அமைப்புகளின் பெயர்கள். ஒன்றுக்குப் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றவில்லை. அவற்றுக்குச் சொந்தக்காரன் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கரைவலை இழுக்கப் போகிறான். வலை இல்லாத நாட்களில் கொங்கிரீட் வேலைக்குக் கூலியாகப் போகிறான். வயது 17. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிவிட்டது. மற்றப் பாடங்களில் ஐந்து சித்தி. "சோதின பெயில் எண்டாப் பிறகு என்ன மிஸ் செய்யிறது?" என்று தாய் என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வழியும் இல்லை என்றே அந்த வீட்டில் உண்மையாக நம்பியிருக்கிறார்கள். கணிதத்தை அடுத்த தடவை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஓ.எல். தவறினாலும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடங்களோடு தொடர்ந்து படிக்க, 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி இருக்கிறது. தொழிற்பயிற்சி கொடுக்கிற அரச நிறுவனமான நைட்டாவில் பயிலுனராகச் சேரலாம். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் முடித்தவர் படிப்படியாக ஏறி, இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவோடெக்கில் பட்டம் வரைக்கும் போகலாம். இதில் ஒன்றுகூட அந்த வாசலுக்கு வந்து சேரவில்லை.

அதே ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வளவு தள்ளி, நைட்டாவில் பழகி வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். பை கொடுத்த கூட்டத்தில் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. இப்படி ஒரு வீடு மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை விடயங்களைப் பார்க்கிறவள் நான். கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிற ஒரு வசனம் இருக்கிறது: "படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும்." தயவுசெய்து இதைச் சொல்வதை நிறுத்துங்கள்.

திருகோணமலை டவுனில் ஓர் உத்தியோக வீட்டுப் பிள்ளையை எடுத்துப் பாருங்கள். பெறுபேறு வந்த அன்றிரவே கொழும்பிலிருந்து மாமா அழைப்பார். ஏ.எல். என்கிற உயர்தரத்துக்கு எந்தத் துறை, எந்த ரியூசன், மீள்திருத்தத்துக்குக் கடைசித் திகதி எது என்றெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே பேசி முடிந்துவிடும். படிவம் நிரப்பச் சித்தப்பா. சிங்களத்தில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லப் பக்கத்து வீட்டு ஐயா. பிள்ளை சோம்பிக் கிடந்தால் ஏச மூன்று பேர். அந்தப் பிள்ளையும் கணிதத்தில் தவறும்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமைக்குள் மாஸ்டர் ஒருவரைப் பிடித்துவிடுவார்கள். இத்தனை பேர் தாங்கிப் பிடித்த பிள்ளையைப் பார்த்து "கெட்டிக்காரன், தானாகவே படித்து வந்தான்" என்கிறோம். தாங்க ஒருவருமில்லாத பிள்ளை கடைசித் திகதி தெரியாமல் தவறவிட்டால், "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று முடித்துவிடுகிறோம். தகப்பன் அலுவலகப் படி ஏறிப் பழகியதில்லை, பிள்ளைக்கும் அது பழகவில்லை. நாளை பேரப்பிள்ளைக்கும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் அதே இடத்தில் நிற்பது இப்படித்தான். எந்தப் பகுதிப் பிள்ளை என்று விசாரித்த பிறகு உதவியை அளக்கிற பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் சனத்திடம் ஒற்றுமை இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் ஆட்கள் 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, 2015இல்தான் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். இடையிலிருந்த அத்தனை வருடமும் அவர்களைத் தாங்கியது அயலும் உறவும்தான். செத்தவீடு என்றால் அடுப்பு மூட்ட முன்னமே பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்துவிடும். அந்த உறவைக் குறைத்துப் பேசவே மாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது ஒரே விஷயங்கள்தான். எல்லோருக்கும் கடல் தெரியும், கூலி தெரியும், நுண்கடன் கொம்பனிக்காரரைத் தெரியும். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒருவரையும் தெரியாது. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே இதை எழுதினார். ஆட்கள் மூலம் புது வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தபோது, பெரும்பாலானோருக்கு அந்தத் தகவலைச் சொன்னவர் எப்போதாவது சந்திக்கிற, தூரத்துப் பழக்கமுள்ள ஒருவராகவே இருந்தார்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபோது, இனி மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டவுன் கிட்ட வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பஸ் வந்தது. ஆனால் பஸ்ஸால் இறங்கினால் போய் நிற்க ஓர் ஆள் வேண்டுமே? டவுனில் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு டவுன் இன்னும் தூரம்தான்.

அந்த ஆளைத்தான் வழிகாட்டி என்கிறோம். உடனே கருத்தரங்கு வைக்க ஓடாதீர்கள். கொழும்பிலிருந்து பேச்சாளர் வந்து, ஒலிபெருக்கியில் "கனவு காணுங்கள்" என்று சொல்லி, ரோல்ஸும் நெக்டோவும் கொடுத்து, குழுப்படம் எடுத்துக் கலைவது வழிகாட்டல் இல்லை. மூதூர் கிழக்கில் ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர் தகப்பனில்லாத ஒரு பெண்பிள்ளையோடு ஞாயிறுதோறும் இருந்து கதைப்பார். முதல் மாதங்களில் பாடம் என்று ஒன்றுமே நடக்கவில்லை, வெறும் கதைதான். பிறகு அடையாள அட்டை அலுவலாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். கவுண்டரில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. அவர் தோளைப் பிடித்து முன்னுக்கு நிறுத்தி, "நீயே கேள் மகள், நான் இஞ்சதான் நிற்கிறன்" என்றார். பிள்ளை கேட்டது. அடுத்த முறை தனியாகவே வந்தது. இன்று தாதி உதவியாளர் பயிற்சியில் இருக்கிறது. அந்த அம்மா செலவழித்த பணம் பஸ் காசு மட்டும்தான்.

இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஜீன் குரொஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002இல் அமெரிக்க வழிகாட்டல் திட்டம் ஒன்றை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளிடம் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில், பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. ஏற்கெனவே தகப்பன் விட்டுப்போன, தாய் வெளிநாடு போன பிள்ளைகள் இவர்கள். இன்னொருவரும் விட்டுப்போனால் அது பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும்? ஒரு வருடம் நிற்க முடியாதென்றால் தொடங்காதீர்கள். படிவம் நிரப்பிக் கொடுங்கள், ரியூசன் காசு கட்டுங்கள், அதுவும் பெரிய உதவி.

நிற்க முடிந்தவர்களுக்குச் சில விஷயங்கள். தாயிடமோ அம்மம்மாவிடமோ முதலில் கதையுங்கள், அதிபருக்கும் தெரிவியுங்கள். பிள்ளையைத் தனி அறையில் சந்திக்க வேண்டாம். வாசிகசாலை, கோயில் மண்டபம், வீட்டு விறாந்தை என்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் சந்தியுங்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை, ஊர்ப் பெரியவர் என்றாலும் இல்லை. கைக்காசு கொடுத்துப் பழக்காதீர்கள். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடவே கூடாது. பிள்ளைக்கு முன்னால் தாயைக் குறை சொல்லக் கூடாது. வெளிநாட்டில் கூப்பிடுகிறேன், வேலை எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துன்புறுத்தல் ஏதும் நடக்கிறது என்று பிள்ளை வாய்திறந்தால், நீங்களே விசாரணை நடத்தாமல் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

அரச உத்தியோகத்தர்கள் இருக்கிறீர்களே என்று கேட்பீர்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனையோ கிராமங்கள். அதோடு எங்களுக்கு இடமாற்றம் வரும். பிள்ளைக்கு வேண்டியது அதே ஊரில், அடுத்த வருடமும் இருக்கிற ஓர் ஆள்.

கோயில் சபைக்காரரே, பழைய மாணவர் சங்கத்தாரே, ஐயாமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பைக்கு ஒதுக்கிய காசை நிறுத்தச் சொல்லவில்லை. பை வாங்கின பிள்ளைகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஊரில் ஒருவரின் பெயரை எழுதுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களிடம் காசோடு கிழமையில் அரை மணித்தியாலமும் கேளுங்கள். தாய்க்குத் தெரிந்து, வீட்டு விறாந்தையில் வைத்து வட்ஸ்அப்பில் கதைக்கலாம். ஓ.எல். பெறுபேறு வருகிற அன்று ஒன்பது ஏ எடுத்த வீட்டுக்கு நாளைக்குப் போகலாம். கணிதம் தவறின பிள்ளையின் வீட்டுக்கு அன்று பின்னேரமே போங்கள்.