தலைகீழாகத் தொங்கும் புழு

ஆடிப்பட்டத்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் இலையைச் சல்லடையாக்கும் புரோடீனியா புழு சில சமயம் விநோதமாகச் சாகும். வளர்ந்த புழு பகலில் மண்ணிடுக்கில் பதுங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் இது செடியின் உச்சிக்கு ஏறி, கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். உடல் வெளுத்து மினுங்கும். தொட்டாலே தோல் கிழிந்து நீராக வழியும். மருந்தடித்த சாவில்லை இது. என்.பி.வி. (நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ்) என்ற, புழுவைத் தாக்கும் வைரஸின் வேலை.

இந்த வைரஸ் புழுவுக்கு வெளியே புரதப் படிகங்களுக்குள் கிடக்கும்; எள்ளுருண்டைக்குள் எள் போல, ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் ஏராளமான வைரஸ்கள் பதிந்திருக்கின்றன. மண்ணில் இந்தப் படிகம் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இலையோடு புழு அதைத் தின்றதும், அதன் குடலின் கடுமையான காரத்தன்மையில் புரதம் கரைந்துவிடும். (நம் வயிற்றில் இருப்பது அமிலம், அதோடு இந்த வைரஸ் நம் செல்லில் பெருகவும் தெரியாதது.) வெளிவந்த வைரஸ் குடல் செல்களின் உட்கருவில் பெருகி, கொழுப்புத் திசு வரை பரவுகிறது. நான்கைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் புழு காலி. ஏன் மேலே ஏறுகிறது? தோலுரிப்பு ஹார்மோனை முடக்கும் மரபணு ஒன்று வைரஸிடம் இருக்கிறது. ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுவை உச்சிக்கு ஏற்றுவது அதுதான் என்று 2011-ல் கண்டார்கள். உச்சியில் செத்தால் கீழிலைகளிலெல்லாம் சொட்டும், அடுத்த புழு தின்னும்.

சரி, இயற்கையே பார்த்துக்கொள்ளுமா என்றால், பெரும்பாலும் தாமதமாகத்தான். புழு நெருக்கமாகப் பெருகினால்தான் நோய் வேகமாகப் பரவும். அதற்குள் பாதி இலை போயிருக்கும். அதனால்தான் முட்டைக்குவியல் பொரிந்து குஞ்சுப்புழுக்கள் கூட்டமாக மேயும்போதே இந்த வைரஸைக் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார்கள். எக்டருக்கு 250 புழுச்சமன் என்பது பரிந்துரை. ஒரு புழுச்சமன் என்றால் 600 கோடி படிகங்கள். வேலூர் வெயிலில் பகலில் அடித்தால் காசு வீண், புற ஊதாக்கதிர் வைரஸை முடக்கிவிடும். சாயங்காலம், கொஞ்சம் வெல்லம் கரைத்து அடிக்க வேண்டும். இன்னொன்று: இது புரோடீனியாவுக்கான வைரஸ். துவரைக் காய்ப்புழுவுக்கு வேறு என்.பி.வி. கேட்டு வாங்க வேண்டும்.

மழை தொடர்ந்து ஈரம் நின்றால் நொமுரேயா என்ற பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அதைப் புழு தின்ன வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டி, துளைத்து உள்ளே போய்விடும். விறைத்துச் செத்த புழுமேல் முதலில் வெள்ளை, அப்புறம் பச்சைப் பொடி பூக்கும். அதே ஈரத்தில்தான் டிக்கா இலைப்புள்ளி என்ற பூஞ்சை நோயும் செடிக்கு வரும். அதற்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் கிடையாது.