திடுக்கிடலும் கலக்கமும்: பழைய திகில் படங்கள் மனத்தை எங்கே தொடுகின்றன?

மூன்று வாரங்களாகத் தனியாக உறங்க மறுத்த பதினொரு வயதுச் சிறுவனை அவனுடைய தாய் என்னிடம் அழைத்து வந்திருந்தார். 1973ஆம் ஆண்டு வில்லியம் ஃபிரீட்கின் இயக்கத்தில் வெளியான, பேய் பிடித்த சிறுமி ஒருத்தியின் கதையான ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தை, பெரியவர்கள் யாரும் அருகில் இல்லாத நேரத்தில் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். அந்தப் பேயின் முகம்தான் அவனை வாட்டுகிறது என்று தாய் உறுதியாக நம்பினார். எந்தக் காட்சி மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறது என்று அவனிடமே கேட்டேன். சிறுமியின் கழுத்தில் ஊசி செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் மருத்துவமனைக் காட்சியை அவன் சொன்னான். அக்காட்சியில் பேய் இல்லை.

மனநல மருத்துவராக இத்தகைய பதில்களைப் பலமுறை கேட்டிருக்கிறேன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.) நம் மொழியில் திடுக்கிடல், கலக்கம் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. திடீர் ஓசைக்கும் அசைவுக்கும் உடல் காட்டும் அனிச்சைச் செயலே திடுக்கிடல். அது நொடிப்பொழுதில் எழுந்து விரைவில் தணிந்துவிடும். கலக்கமோ படம் முடிந்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. காலம் கடந்து நிற்கும் திகில் படங்கள் இந்த இரண்டாவதை நோக்கியே கட்டப்பட்டிருக்கின்றன. நாம் எதைச் சந்தேகிக்காமல் நம்பி வாழ்கிறோமோ அதைத்தான் அவை நம்மிடமிருந்து பறிக்கின்றன.

1919இல் உளப்பகுப்பாய்வு முறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட் இந்தக் கலக்க உணர்வைப் பற்றி எழுதிய கட்டுரையில், வீட்டுக்குரியது, பழகியது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லே மறைக்கப்பட்டது என்ற பொருளையும் தருவதை எடுத்துக்காட்டினார். முற்றிலும் அந்நியமான ஒன்றைக் காட்டிலும், நன்கு பழகிய ஒன்று சற்றே பிறழும்போது மனம் அதிகம் கலங்குகிறது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) இதை நன்கு அறிந்திருந்தது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட குளியலறைக் கொலைக் காட்சியில், சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டப்பட்ட காட்சிகளிலிருந்து கொலையின் பெரும்பகுதியைப் பார்ப்பவரின் மனமே கட்டியெழுப்பிக்கொள்கிறது. இசையில்லாமல் இருக்கட்டும் என்றுதான் இயக்குநர் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய வயலின் அலறல் அந்த எண்ணத்தை மாற்றியது. ஆயினும் என்னைப் பொறுத்தவரை ஆழமான காயம் வேறிடத்தில் இருக்கிறது: யாருடைய கதையென்று நம்பிப் பின்தொடர்ந்தோமோ அந்தப் பெண், படம் பாதியைத் தொடும் முன்பே, உடல் மிகவும் பாதுகாப்பற்றிருக்கும் ஓரிடத்தில் இறந்துவிடுகிறாள்; அதன் பின் பற்றிக்கொள்ள நமக்கு யாரும் இல்லை.

தொழில்முறையில் என்னை அதிகம் உலுக்கிய படம் ரோமன் போலன்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968). கருவுற்ற பெண் ஒருத்தி வலிக்கிறது என்கிறாள். வலி இயல்பானதே, விரைவில் போய்விடும் என்று மருத்துவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கணவனும் அண்டை வீட்டாரும் அன்பு மாறாத குரலில் அவளை அடக்குகிறார்கள். இறுதியில் அவள் வேறொரு மருத்துவரிடம் தப்பி ஓடி எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டு, ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, அவள் யாரிடமிருந்து தப்பி வந்தாளோ அவர்களையே வரவழைத்துவிடுகிறார். அவர் தீயவர் அல்லர். ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்டுத் தாமாக ஒரு முடிவுக்கு வந்த, நல்லெண்ணம் கொண்ட மருத்துவர். நோயாளிகளை எதிரில் அமர்த்திப் பேசும் எவரும் அந்தக் காட்சியை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். தன் சொல்லை யாரும் நம்பாத வீட்டில் வாழ்ந்த பெண்கள் இப்படத்தைப் பார்த்துவிட்டு ஏன் உறங்க முடியவில்லை என்று கேட்கும்போது, அவர்களிடம் பேசத் தொடங்குவதற்கு அந்தக் காட்சியே எனக்கு வாயிலாகியிருக்கிறது.

‘தி எக்சார்சிஸ்ட்’ வெளியான பின், அதுவரை மனநோய் எதுவும் கண்டறியப்படாத நால்வர் கடும் பாதிப்புடன் சிகிச்சைக்கு வந்ததை 1975இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஆகவே ‘வெறும் படம்தானே’ என்று யாரையும் வாயடைக்கச் செய்ய வேண்டாம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தச் சொற்கள் பெரும்பாலும் உதவுவதும் இல்லை. அணைத்துக்கொள்வதும், விளக்கை ஏற்றி வைப்பதும், பிடித்த பொம்மையைக் கையில் கொடுப்பதும் அவர்களை அதிகம் தேற்றும். வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும், எந்தப் பேய் பயமுறுத்தியது என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த நொடி விடாமல் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். உறக்கமின்மையோ, தனியாக இருக்க மறுப்பதோ, உடல் நடுக்கமோ சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள்.

அந்தச் சிறுவன் ஓராண்டுக்கு முன் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தவன். தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவனை உள்ளே கொண்டுசென்றிருக்கிறார்கள்; அதைப் பற்றி வீட்டில் அதன்பின் யாரும் பேசவில்லை. மூன்றாவது சந்திப்பில், அன்று நீ எங்கே போயிருந்தாய் என்று அவன் தாயிடம் கேட்டான். எங்கும் போகவில்லை, கதவை ஒட்டிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்றார் அவர். எந்தப் பக்கத்து நாற்காலி என்று அவன் மறுபடியும் கேட்டான். அவர் ஒரு தாளை எடுத்து அந்தக் கதவையும் நாற்காலியையும் வரைந்து காட்டினார்.