வீட்டு வாசலிலும் இதயம் தேறும்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்பவர் அவர், வயது 58. இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்ததும் உடற்பயிற்சிக்காக வாரம் மூன்று நாள் சேலத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். போன் செய்தேன். "இருபது வளைவும் இறங்கி ஏறவே ஒரு நாள் போயிடுதுங்க சார். கூட வர்ற மகனுக்கும் கூலி போகுது" என்றார். அவர் சோம்பேறி இல்லை. நான் சொன்ன வழி அவருக்கு ஒத்துவரவில்லை.

ஆஸ்பத்திரியில் செய்தால்தான் பயிற்சி, வீட்டில் செய்வது ஒப்புக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, இந்த இரண்டையும் ஒப்பிட்ட 23 ஆய்வுகளை 2017-இல் சேர்த்துப் பார்த்தது. உயிரிழப்பிலும் உடல் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் வீட்டில் செய்தவர்களுக்கும் ஒரு திட்டம் இருந்தது, விசாரிக்க ஆள் இருந்தார்கள். "பொறுமையா நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது வீட்டுப் பயிற்சி ஆகாது.

இப்போதெல்லாம் முதல் சில நாள் மட்டும் நேரில் வரச் சொல்கிறேன். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், அப்போது பிரஷர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன். இதயம் பம்ப் செய்யும் திறன் மிகவும் குறைந்தவர்கள், துடிப்பு தாறுமாறாகிறவர்கள், நாலு எட்டு வைத்தாலே நெஞ்சு வலிப்பவர்கள் ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது மேடு. சமதளத்தில் இருபது நிமிடம் சுலபமாக நடப்பவருக்கு ஏற்றத்தில் ஐந்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். பல்ஸை மட்டும் நம்ப முடியாது, மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கியே வைத்திருக்கும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். விடியற்காலைக் குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். அப்புறம், ஆபரேஷனில் அறுத்துச் சேர்த்த நெஞ்செலும்பு ஒட்டிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை காபி மூட்டையைத் தொடவே கூடாது.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ, குப்பென்று வியர்த்தாலோ உடனே உட்காருங்கள். டாக்டர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் மாத்திரை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. மலைக்கு வண்டி வந்து சேர நேரமாகும், காத்திருந்து பார்க்காதீர்கள்.

நாகலூர்க்காரர் இப்போது தோட்டத்துத் தார் ரோட்டில் நடக்கிறார். பேத்தி நோட்டில் நிமிடம் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டுப் பக்கம் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். போன வாரம் எழுதியிருந்தாள்: "28 நிமிஷம். தாத்தா பேசிக்கிட்டே வந்தாங்க."