மரபணுக் கோளாறா, மரபணு மாறுபாடா?

சர்க்கரை நோய் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "நம்ம ரத்தத்துலயே இருக்குடா." சொல்லிக்கொண்டே டபராவில் இன்னொரு கரண்டி சர்க்கரை விழும். எப்படியும் வரப்போவதற்கு இன்றைய காபியை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. "நீரிழிவுக்குக் காரணமான மரபணுக் கோளாறு" என்று தலைப்புப் போடும் செய்திகளும் அவர் பக்கமே பேசுகின்றன. அந்த ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் சொல்லோ 'ஜீன் வேரியன்ட்'. அதைக் கோளாறு என்று பெயர்த்ததில்தான் தவறு தொடங்குகிறது.

'ஜீன்' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909ல் கிரேக்க வேரிலிருந்து அதை உருவாக்கினார். பிறப்பு, குலம் என்பவை அந்த வேரின் பொருள். தமிழில் மரபு + அணு = மரபணு. இலங்கைப் பாடநூல்களில் பரம்பரையலகு. 'மரபு' நமக்குப் பழைய சொல். தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். 'வேரியன்ட்' லத்தீனில் 'பலவகைப்பட்ட' என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து வந்தது. பழுது, குறை என்ற பொருள் அதில் துளியும் இல்லை.

இந்தக் கருத்து தமிழுக்குப் புதிதும் அல்ல. ஒரே பாட்டு பல ஏடுகளில் படியெடுக்கப்படும்போது ஓரிடத்தில் ஓர் எழுத்து வேறாக வரும். இரண்டிலும் பாட்டுக்குப் பொருள் இருக்கும். உ.வே.சாமிநாதையர் அவற்றை அடிக்குறிப்பில் பிரதிபேதம் என்று காட்டினார். பாடபேதம் என்றும் சொல்வோம். பொருளையே கெடுக்கும் ஏட்டுப்பிழை வேறு, பாடபேதம் வேறு. மரபணுவில் வேரியன்ட் என்பது பெரும்பாலும் பாடபேதம்தான்.

இரண்டாம் வகை நீரிழிவில் அதிகம் பேசப்படும் டிசிஎஃப்7எல்2 மரபணுவையே பார்ப்போம். நம் 10ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் பலருக்கு சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்து, சிலருக்கு தைமின் என்ற எழுத்து. அந்த எழுத்து புரதத்தின் அமைப்பை எழுதும் பகுதியில்கூட இல்லை. ஆனாலும் தைமின் உள்ளவர்களின் கணையம் தேவையான நேரத்தில் இன்சுலினைச் சற்றுக் குறைவாகவே சுரக்கிறது. இந்த மரபணுவின் தொடர்பை 2006ல் முதலில் அறிவித்தவர்கள் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள். அபாய வடிவத்தை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து பெற்றவர்களுக்கு அபாயம் 1.45 மடங்கு, இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு 2.41 மடங்கு. அடுத்த ஆண்டே சென்னையில் நடந்த ஆய்விலும் இதே மரபணுவின் தொடர்பு தெரிந்தது.

இரண்டு மடங்கு என்றதும் பயம் வரும். ஆனால் அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்றவர்களை வைத்து நடந்த பெரிய தடுப்பு ஆய்வில் ஒரு பிரிவினர் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலுக்கு வேலை கொடுப்பது என்று இலக்கு வைத்து நடந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற பிரிவில் தைமின் இரட்டையாக உள்ளவர்களுக்கு அபாயம் தெளிவாகக் கூடியிருந்தது. இலக்கு வைத்து நடந்தவர்களிடமோ அந்தக் கூடுதல் அபாயம் பெரிதும் கரைந்துபோயிருந்தது. எழுத்து அதேதான், மாறவில்லை. பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சரி, எந்தச் சொல்லை எடுப்பது? 'பிறழ்வு', 'சடுதிமாற்றம்', இலங்கை வழக்கில் 'விகாரம்' ஆகியவை 'மியூட்டேஷன்' என்பதற்கு. ஒரே மரபணுவின் மாற்றமே இளவயதில் நீரிழிவைக் கொண்டுவரும் அரிய வகைகள் உண்டு. அங்கே பிறழ்வு பொருந்தும். 'திரிபு' இலக்கணத்தில் நல்ல சொல்தான், ஆனால் பால் திரிந்துபோன வாடை அதில் அடிக்கிறது; கொரோனா காலத்துக்குப் பிறகு அச்சமும் சேர்ந்துகொண்டது. நான் 'மரபணு மாறுபாடு' என்றே எழுதுகிறேன். கூடவே 'நோய்க்குக் காரணம்' என்பதை விட்டு 'வாய்ப்பைக் கூட்டும்' என்று எழுத வேண்டும். ஏனென்றால் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் தெரியவந்துள்ளன. பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறியது.

'கோளாறு' என்பதை நான் முழுதாகக் கைவிட்டது எஸ்எல்சி30ஏ8 மரபணுவைப் பற்றிப் படித்த பிறகு. அதன் ஒரு பிரதி செயலிழந்த சிலருக்கு இரண்டாம் வகை நீரிழிவின் அபாயம் 65 சதவீதம் குறைவு என்று 2014ல் தெரியவந்தது. உடைந்த பிரதி அவர்களைக் காக்கிறது.